இதற்குமா ஸ்தோத்திரம்?



கடந்த ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை அறிவிப்புகளை வாசித்தபோது நான்கு காரியங்களுக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தினோம். ஒரு சகோதரி அறுவை சிகிச்சைக்குப் பின் சுகம் பெற்றார். ஒரு குடும்பம் புது வீடு கட்டி முடித்தது. ஒரு மகனுக்குக் கனடா செல்ல விசா கிடைத்தது. நான்காவதாக, ஒரு தாய் தம் பதினெட்டு வயது மகனுக்கு ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள ஒரு கார் ஷோரூமில் முதல் வேலை கிடைத்ததற்காக நூறு ரூபாய் காணிக்கை செலுத்தியிருந்தார். முதல் மூன்றையும் வாசித்தபோது எழுந்த 'ஆமென்' நான்காவதற்குச் சற்றுத் தணிந்தே எழுந்தது. சிலர் புன்னகைத்தார்கள். ஆராதனை முடிந்தபின் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, வண்டி கழுவித் துடைத்து நிறுத்துகிற வேலை. இதற்குமா ஸ்தோத்திரம்?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அந்தப் பையனை ஓய்வுநாள் பள்ளி நாளிலிருந்து அறிந்தவர் அவர். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவன் இப்படி நின்றுவிடக் கூடாதே என்ற கரிசனை அந்தக் கேள்வியில் இருந்தது. ஆகவே அதற்கு வாசற்படியில் நின்று ஒரு வரியில் பதில் சொல்லாமல், இந்த வாரத் தியானமாகவே எழுதுகிறேன்.

அந்த வாலிபனைப் பெயர் சொல்லாமலே உங்களில் பலர் அறிவீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பாடப் புத்தகத்தின் ஓரங்களில் நோவாவின் பேழைக்குச் சக்கரம் வரைந்தவன் அவன். புது கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரி சாலையில் போனால், மேல்தட்டில் எத்தனை, கீழ்த்தட்டில் எத்தனை, எந்த மாடல், எந்த இன்ஜின் என்று ஒப்பிப்பான். இதில் வியக்க ஒன்றுமில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2007இல் மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் என்று நம்மைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பின. நம் தகப்பன்மார் ஏரியையும் நெல்லையும் அறிந்திருந்ததுபோல, இந்தப் பிள்ளைகள் காரை அறிந்து வளர்ந்தார்கள். என் தலைமுறைக்கு அம்பாசடர், ஃபியட் என்ற இரண்டோடு முடிந்துவிட்டது. கூடுதலாக, நம் வண்டலூர்ப் பக்கத்திலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எப்போதாவது ஒரு டாக்டர் வீட்டு வாசலில் பார்ப்போம். இவனோ கண்ணை மூடிக்கொண்டு, கதவு சாத்தப்படும் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயரைச் சொல்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெறும்வரை அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நம் ஆலய வளாகத்தில் ஞாயிறுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டிவரும் ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. கார்மேல் பித்துக்கொண்ட பையன் காத்திருந்தான். பித்து இல்லாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்தனுப்புகிறோம். இது இன்றைய பொருள் அல்ல என்பதால் இத்துடன் விடுகிறேன்.

கார்மேல் இத்தனை ஆசை ஒரு விசுவாச வாலிபனுக்குத் தகுமா என்று கேட்பவர்களும் உண்டு. உலகப் பொருளின்மேல் வைத்த ஆசை என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு பொருளை அடைய விரும்புவதும், அதை அறிய விரும்புவதும் வெவ்வேறானவை. இச்சை என்று வேதம் கண்டிப்பது பெரும்பாலும் முதலாவதை. இவன் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கார்களைத் தொடுகிறான். அவற்றில் ஒன்றும் அவனுடையதல்ல, அருகிலும் ஆகப்போவதில்லை. அவன் வீட்டில் இருப்பது தகப்பனாரின் பழைய டிவிஎஸ் மொபெட். அதையும் அவன் இதே கவனத்தோடுதான் துடைத்து வைக்கிறான் என்று அவன் தாயார் சொல்லக் கேட்டேன். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் தேவன் பெசலெயேலைப் பெயர்சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்யும் ஞானத்தைத் தம் ஆவியினால் கொடுத்தார். வேதாகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று முதன்முதலில் வெளிப்படையாகச் சொல்லப்படுபவன் இந்தக் கைவினைஞன். ஒரு பொருளை உற்றுநோக்கி அதன் இயல்பை அறியும் கண் தேவனுடைய கொடை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

வேதத்தில் வாகனங்களுக்கும் குறைவில்லை. யெகூ இரதம் ஓட்டிவரும் வேகத்தைக் கண்டே தூரத்தில் நின்ற காவற்காரன் அவனை அடையாளம் கண்டுகொண்டான் (2 இராஜாக்கள் 9:20). இன்று நம் சாலையில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்தபடியே ஏசாயாவை வாசித்துக்கொண்டு வந்தார். இரத வியாபாரமும் வேதத்தில் உண்டு. 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்துப் பாருங்கள். சாலொமோனிடம் 1,400 இரதங்கள் இருந்தன. அவருடைய வர்த்தகர்கள் எகிப்திலிருந்து ஒரு இரதத்தை 600 வெள்ளிக்காசுக்கும் ஒரு குதிரையை 150 வெள்ளிக்காசுக்கும் கொண்டுவந்து, ஏத்தியரின் ராஜாக்களுக்கும் சீரியாவின் ராஜாக்களுக்கும் கொடுத்தார்கள். விலைப்பட்டியலோடு எழுதப்பட்ட அந்தப் பகுதியில் வண்டியைத் துடைத்த பையனின் பெயர் இல்லை. ஆனால் அவனைப் பற்றிச் சாமுவேல் முன்பே எச்சரித்திருந்தார்: ராஜா உங்கள் குமாரரை எடுத்துத் தன் இரதங்களுக்கு வைத்துக்கொள்ளுவான் என்பதன் கருத்தை 1 சாமுவேல் 8இல் காண்கிறோம். சாமுவேல் அங்கே இரதங்களைப் பழிக்கவில்லை. இரதங்களுக்காகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளப்படுவதையே அவர் பயந்தார். நம் பயமும் அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கடந்த பத்து நாட்களில் என் காதுக்கு வந்த பேச்சு வேறு. அது எலுமிச்சைப் பழத்தைப் பற்றியது.

புது வண்டியை எடுக்கும் குடும்பம் ஷோரூமிலேயே பூஜை செய்வது நம் நாட்டில் வழக்கம். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சைப் பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படுவார்கள். டெலிவரிப் பிரிவில் உதவியாளனாக நிற்கும் நம் தம்பிதான் தட்டை எடுத்துக்கொடுக்க வேண்டும். சில வேளை பழத்தைச் சக்கரத்தடியில் வைப்பதும் அவன்தான். இதைக் கண்ட நம் சபை அன்பர் ஒருவர், அவன் விக்கிரக ஆராதனைக்கு உடன்பட்டுவிட்டான், வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவன் தாயாரிடம் சொல்லிவிட்டார். அந்தத் தாய் இரண்டு இரவு தூங்கவில்லை.

இதற்கு நான் கொடுக்கும் பதில் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குஷ்டம் நீங்கிய நாகமான், இனிக் கர்த்தரையன்றி வேறு தேவனுக்குப் பலியிடுவதில்லை என்று தீர்மானம் செய்தபின், எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். அவனுடைய எஜமானாகிய ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது இவன் கையின்மேல் சாய்ந்துகொண்டு போவான். ராஜா குனியும்போது இவனும் குனிய நேரும். அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா அவனுக்கு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடே போகும்படி அனுப்பினார். வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. தன் வேலையின் நிமித்தம் பிறருடைய வழிபாட்டுக்கு அருகே நிற்கிறவனுடைய மனதைத் தீர்க்கதரிசி அறிந்திருந்தார். 1 கொரிந்தியர் 8லும் 10லும் பவுல் இதே சிக்கலை இறைச்சிக் கடையை முன்வைத்து ஆராய்கிறார். அவருடைய முடிவும் மனச்சாட்சியை மதிக்கும் முடிவேயன்றி, ஓடிப்போகச் சொல்லும் முடிவன்று. அந்தத் தம்பியின் மனம் அதில் இடறுமானால், பழம் வைக்கும் வேலையை மட்டும் வேறொருவர் செய்யும்படி மேற்பார்வையாளரிடம் பணிவோடு கேட்கலாம். பெரும்பாலும் இசைவார்கள். இடறாவிட்டால், அயலாரின் மகிழ்ச்சியான நாளில் தட்டை எடுத்துக்கொடுப்பது ஒரு பணிவிடை மட்டுமே. ஆராதனை செய்பவர் யார், உதவி செய்பவர் யார் என்பது வண்டியின் சொந்தக்காரருக்குத் தெரியும்; அவனுக்கும் தெரியும்; தேவனுக்கும் தெரியும்.

நாமும் புது வண்டி வாங்கினால் போதகரை அழைத்துப் பானட்டின்மேல் கைவைத்து ஜெபிக்கச் சொல்லுகிறோம். நான் மகிழ்ச்சியோடு வந்து ஜெபித்திருக்கிறேன், இனியும் வருவேன். ஆனால் பின்கண்ணாடியில் வேத வசனம் ஒட்டிய வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது, எந்தப் பழம் எங்கே வைக்கப்பட்டது என்ற ஆராய்ச்சி நமக்கு ஏன் என்று தோன்றுகிறது.

அதே ஐந்தாம் அதிகாரத்தை முடிவுவரை வாசியுங்கள். அதில் தண்டிக்கப்பட்டவன் ரிம்மோன் கோவிலில் குனியப்போகும் நாகமான் அல்ல. எலிசாவின் வேலைக்காரனாகிய கேயாசி. அவன் நாகமானின் இரதத்துக்குப் பின்னால் ஓடி, தன் எஜமான் பெயரைச் சொல்லி, இல்லாத விருந்தாளிகள் இருவரைக் கற்பித்து, வெள்ளியும் மாற்று வஸ்திரங்களும் வாங்கிக்கொண்டான். இன்றைய மொழியில் சொன்னால், வாடிக்கையாளர் மனம் நிறைந்திருக்கும் தருணம் பார்த்து ஒரு பொய் சொல்லிக் கமிஷன் எடுத்தான். என் பிரியமானவர்களே, அந்தத் தம்பிக்காக ஜெபிக்க விரும்பினால் இந்த இடத்தில் ஜெபியுங்கள்.

அவனுடைய வேலை என்ன என்று நான் விசாரித்து அறிந்ததைச் சொல்லுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி நேரே வாடிக்கையாளர் கைக்குப் போவதில்லை. யார்டில் நிற்கும், பிறகு டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும். 'பிடிஐ' என்று அங்கே சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். லாரிப் பயணத்துக்காகக் கூடுதலாக நிரப்பப்பட்ட டயர் காற்றைச் சரியான அளவுக்குக் குறைக்க வேண்டும். பேட்டரி, பிரேக் ஆயில், கூலண்ட், விளக்குகள், வைப்பர், ஸ்பேர் டயர், ஜாக்கி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஏற்றி இறக்கியதில் கீறலோ நசுங்கலோ உண்டா என்று வெளிச்சத்தில் சாய்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பார்த்தபின் டிக் போட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். சாதாரண நாளில் இதற்கு நேரம் இருக்கும். சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்படி விலை இறங்கும் நாட்களிலும், ஆயுத பூஜை, தீபாவளி போன்ற நாட்களிலும், மாதக் கடைசியிலும் ஒரே பகலில் வரிசையாக வண்டிகள் வெளியே போக வேண்டும். அப்போது தாளை முதலில் டிக் போட்டு முடித்துவிட்டு வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்ற யோசனை யாராவது ஒருவரிடமிருந்து வரும். பதினெட்டு வயதுப் பையன் பெரியவர்களுக்கு மறுத்துப் பேசுவது எளிதல்ல.

கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் வேலையை மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று செய்யும்படி பவுல் கூறிய ஆலோசனையை நாம் சுவர் நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிவிட்டோம். பவுல் அதை யாருக்கு எழுதினார்? பிறருக்குக் கீழே, பதில் பேச உரிமையில்லாமல், வேலை செய்த அடிமைகளுக்கு எழுதினார். இந்தத் தம்பியின் விஷயத்தில் அந்த வார்த்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்து நிற்கிறது. பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தபின் டிக், அல்லது பார்க்காமலே டிக். எவருக்கும் தெரியாது. அந்த வண்டியில் ஒரு குடும்பம் கொடைக்கானல் மலை இறங்கும்.

ஓரிரு ஆண்டில் அவன் விற்பனைப் பிரிவுக்குப் போக விரும்புகிறான். அங்கே சோதனை இன்னும் நுட்பமானது. உபாகமம் 25இல் ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கல் வைத்திருப்பதைத் தேவன் அருவருக்கிறார் என்று வாசிக்கிறோம். கார் வியாபாரத்தில் அந்த இரண்டு கற்கள் தள்ளுபடியில் இருக்கின்றன. விவரம் அறிந்த டாக்டர் வந்தால் சீட் கவரும் தரை விரிப்பும் இலவசம். ரொக்கத் தள்ளுபடியும் உண்டு. கணவரின் காப்பீட்டுப் பணத்தில் மகளின் வசதிக்காகச் சிறிய கார் வாங்க வரும் விதவைத் தாய் கேட்கத் தெரியாததால் முழு விலையும் கொடுப்பார். வண்டி தயாரிக்கப்பட்ட மாதத்தை முதலாமவர் கேட்டுத் தெரிந்துகொள்ளுவார். இரண்டாமவருக்குப் பல மாதம் யார்டில் நின்ற வண்டி போகும். காப்பீட்டை எங்களிடமே எடுக்க வேண்டும் என்று சில இடங்களில் சொல்லுவார்கள். புது காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அதை எந்த நிறுவனத்திலும் எடுக்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. கேட்காதவருக்கும் அதைச் சொல்லுகிற விற்பனையாளரையே நான் நீதிமான் என்பேன்.

கடனும் இருக்கிறது. 8 லட்சம் ரூபாய் கடனுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 16,600 ரூபாய். ஏழு ஆண்டென்றால் 12,900 ரூபாய்க்குள் வந்துவிடும். மேசையில் சொல்லப்படுவது இந்த இரண்டாவது எண். ஆனால் ஐந்து ஆண்டில் வட்டி சுமார் 1,96,000 ரூபாய். ஏழு ஆண்டில் சுமார் 2,81,000 ரூபாய். குறைந்த தவணைக்காக 85,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதி, வாங்குபவர் முன் வைத்து, தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இதனால் விற்பனை நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. ஒருமுறை நேர்மையைக் கண்டவர் தம் தம்பியையும் மச்சானையும் அதே ஆளிடம்தான் அனுப்புவார். அப்படி அனுப்பாவிட்டாலும் அந்தத் தாளை எழுதத்தான் வேண்டும்.

விற்பவரைப் பற்றி இத்தனை சொன்னபின் வாங்குபவராகிய நம்மை விட்டுவிட முடியாது. நீதிமொழிகள் 20:14இல், வாங்குகிறவன் பொருள் நல்லதல்ல, நல்லதல்ல என்று குறைசொல்லிவிட்டு, வெளியே போனபின் தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமை பேசுகிற காட்சி இருக்கிறது. சாலொமோனின் நாட்டில் இரத வியாபாரம் நடந்த இடத்தில் கேட்ட பேச்சாகவும் இருக்கலாம். நம் பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும்போது அது ஒருமுறை வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுகிறோமா? 2015 டிசம்பர் மழைக்குப் பின் நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வண்டிகள் உள்ளே சேற்றைக் கழுவி, புது மணம் தெளித்துக் கைமாறின என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சின்னப் பையனிடம் உண்மையை எதிர்பார்க்கும் சபை, தன் விற்பனையிலும் அதைக் காட்டவேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமை. மூப்பரின் கேள்விக்குப் பின்னால் இதுவும் இருந்தது என்பதை அறிவேன். ஷோரூமுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை; அன்றுதான் கூட்டம். தம்பிக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. ஆண்டவருடைய நாளில் ஆலயம் வராத வேலை ஒரு வேலையா என்று கேட்கிறோம். ஆனால் ஞாயிறன்று ஷோரூமில் கூட்டம் ஏன்? நமக்கு அன்று விடுமுறை என்பதால். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அதே ஆலய உடையோடு டெஸ்ட் டிரைவ் கேட்பவர்கள் நாம். பிரியாணிக்குக் காத்திருக்கும் ஹோட்டலிலும் பெட்ரோல் பங்கிலும் நமக்குப் பணிவிடை செய்பவன் யாரோ ஒரு தாயின் மகன். உபாகமம் 5இல் ஓய்வுநாள் கட்டளை கொடுக்கப்பட்டபோது, வீட்டுத் தலைவன் ஓய்வதோடு வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போல ஓய்ந்திருக்க வேண்டும் என்ற நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. ஆமோஸ் 8இல் தேவன் கண்டித்தது ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று துடித்த முதலாளிகளை. கடையில் நின்ற பையனை அல்ல. செவிலியர்களும் காவலர்களும் பேருந்து நடத்துநர்களும் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிறு வராதபோது நாம் 'டூட்டி' என்கிறோம். ஷோரூம் பையன் வராதபோது 'பின்வாங்கிவிட்டான்' என்கிறோம். இந்த வித்தியாசத்தில் வேதாகமம் சம்பந்தப்படவில்லை. சம்பளமும் சீருடையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாலை நேரத்தில் அல்லது அஞ்சல் வழியில் அவன் மேலே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்; அவனிடமும் சொல்லியிருக்கிறேன். அவன் படித்தாலும் படிக்காவிட்டாலும் இப்போது செய்யும் வேலை நன்றிக்குரியதே. நம் பகுதியில் ஒரு பெரிய தொழிற்சாலை மூடப்பட்டபோது பட்டம் பெற்றவர்களும் ஐடிஐ முடித்தவர்களும் ஒரே வாசலில் நின்றார்கள்.

இவ்வளவுக்குப் பின் அவன் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தை அப்படியே ஆலயத்துக்குப் படைத்துவிடுவது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். நீதிமொழிகள் 3:9இல் முதற்பலனைக் குறித்த போதனையை அவர் நினைவில் வைத்திருந்தார். கையில் வரப்போவது பதினோராயிரம் ரூபாய். மூன்று மாத வாடகை பாக்கி. தகப்பனாருக்குச் சர்க்கரை மாத்திரை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்று சொல்லி, தாய் தகப்பனுக்கு உதவவேண்டிய பணத்தைக் காணிக்கையாக்கிவிட்ட வழக்கத்தை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவன் தசமபாகத்தை மனமுவந்து கொண்டுவரட்டும். முதலில் வாடகையைக் கொடுக்கட்டும். தாய்க்கு ஒரு சேலை எடுத்துத் தரவேண்டும் என்றும் அவன் நினைத்திருக்கிறான். அதைத் தடுக்க எனக்கு எந்த வசனமும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நம் ஆலயத்தில் ஒரு சிறிய ஆராதனை நடைபெறும். பாடலும் வேதவாசிப்பும் திருவிருந்தும் உண்டு. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை ஒழுங்கு செய்திருக்கிறோம். இதுவரை பத்துப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்: செவிலியர் நால்வர், துணிக்கடையில் நிற்கும் சகோதரிகள் மூவர், பெட்ரோல் பங்கில் ஒருவர், ஹோட்டல் சமையலறையில் ஒருவர், நம் தம்பி. கீபோர்டு வாசிக்க ஒருவர் தேவைப்படுகிறார். ஸ்தோத்திரத்தைப் பற்றிக் கேட்ட மூப்பர், வாசற்கதவைத் திறந்து விளக்குப் போடும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்